குளுக்கோஸ் உடையுற முதல் 5 ஸ்டெப்: காரணத்தோட புரிஞ்சுக்க ஒரு முழு வழிகாட்டி

போன மே மாசம் ஒரு கலெக்‌ஷன் சென்டர்ல இருந்து எங்க லேபுக்கு வந்த சாம்பிள் ஒண்ணுல ஃபாஸ்டிங் சுகர் 71 காட்டுச்சு. வழக்கமா 95, 100ன்னு வர்ற பெரியவர், சுகர் மாத்திரை சாப்பிடுறவர், திடீர்னு 71ன்னதும் வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க, மாத்திரையை நிறுத்திடலாமான்னு போன் மேல போன். விசாரிச்சப்பதான் தெரிஞ்சது, ரத்தம் எடுத்தது காலைல ஆறரைக்கு, எங்க கைக்கு வந்தது பத்தரைக்கு, அதுவும் ஃப்ளோரைடு இல்லாத ரெட் கேப் ட்யூப்ல, சென்ட்ரிஃப்யூஜ் பண்ணாம (அதாவது மெஷின்ல சுத்தி செல்லைத் தனியாப் பிரிக்காம), வெயில்ல பைக் பெட்டிக்குள்ள. அடுத்த நாள் அவரை நேரா லேபுக்கே வரச் சொல்லி எடுத்து உடனே சுத்திப் பார்த்தோம், 98. அந்த நாலு மணி நேரத்துல ட்யூப்குள்ள இருந்த ரத்த செல்கள் பாட்டுக்கு சர்க்கரையைத் தின்னுட்டே இருந்திருக்கு, அவ்ளோதான் விஷயம். அறை வெப்பத்துல அப்படியே வச்சா ஒரு மணி நேரத்துக்கு 5ல இருந்து 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும், வெயில்ல இன்னும் வேகமா.

அன்னைக்கு எங்க லேப்ல டிரெய்னிங்ல இருந்த டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிக்கிற பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. "அக்கா, அப்ப கிரே கேப் ட்யூப்ல ஃப்ளோரைடு இருக்குல்ல, அதுல எடுத்திருந்தா சுகர் குறையறது உடனே நின்னிருக்குமா?" உடனே நிக்காது, முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல குறைஞ்சுட்டேதான் இருக்கும். ஏன்னு கேட்டா அதுக்குப் பதில் கிளைகாலிசிஸோட, அதாவது செல் குளுக்கோஸை உடைச்சு எனர்ஜி எடுக்குற பத்து ஸ்டெப் பாதையோட, முதல் 5 ஸ்டெப்லதான் இருக்கு. அவளுக்கு அன்னைக்கு ஒரு பேப்பர்ல வரைஞ்சு சொன்னதைத்தான் இங்க முழுசா எழுதுறேன். பிளஸ் டூ பசங்க, நீட் படிக்கிறவங்க, லேப் டெக்னீஷியன், நர்சிங் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் பத்து என்சைம் பேரை வரிசையா மனப்பாடம் பண்ணித்தான் இதைப் படிச்சிருப்பீங்க, பரீட்சை முடிஞ்ச மறுநாளே மறந்தும் போயிருக்கும். ஒவ்வொரு ஸ்டெப்பும் எதுக்கு நடக்குதுங்குற காரணம் தெரிஞ்சுட்டா பேர் தானா ஒட்டிக்கும்.

ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. மேல இருந்து கீழ வரிசையா ஆறு புள்ளி வச்சு 1ல இருந்து 6 வரை நம்பர் போடுங்க. இதுதான் குளுக்கோஸோட ஆறு கார்பன். 1-வது கார்பன்ல ஆல்டிஹைடு (கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டைப் பிணைப்புல இருக்குற தொகுதி), மத்த அஞ்சுலயும் ஒவ்வொரு ஓஹெச் (ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது) தொங்குதுன்னு எழுதிக்கோங்க. நிஜத்துல இது பெரும்பாலும் ஒரு வளையமா மூடிட்டுதான் இருக்கும், ஆனா கணக்கு பார்க்க நேர் கோடு போதும். கடைசி வரை இந்த நம்பரை மட்டும் விட்டுடாதீங்க.

இது நடக்குற இடம் சைட்டோசால், அதாவது செல்லுக்குள்ள இருக்குற அந்தக் கூழ் மாதிரி பகுதி. மைட்டோகாண்ட்ரியா வேண்டாம், ஆக்ஸிஜனும் வேண்டாம். நம்ம சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அதனால அது உயிர் வாழுறதுக்கு ஏடிபி (ATP, மூணு பாஸ்பேட் இருக்குற, செல்லோட எனர்ஜி நாணயம்) கிடைக்கிறது முழுக்க முழுக்க இந்த ஒரே வழியிலதான். ட்யூப்குள்ள போனாலும் அது நிறுத்தாததுக்குக் காரணம் அதுதான்.

முதல்ல உள்ள வரணும்

குளுக்கோஸ் தண்ணில நல்லா கரையுற சாமான், செல்லைச் சுத்தி இருக்குறது கொழுப்புச் சவ்வு, அதனால சும்மா ஊடுருவி வர முடியாது. குளுட்னு சொல்ற புரதக் கதவு வழியாத்தான் வரும். சிவப்பணுல குளுட் 1, கல்லீரல்ல குளுட் 2, மூளை நரம்பு செல்கள்ல குளுட் 3, தசையிலயும் கொழுப்பு செல்லுலயும் குளுட் 4. இந்த நாலாவது மட்டும் இன்சுலின் வந்து சொன்னாத்தான் உள்ள இருந்து கிளம்பி சவ்வுக்கு வரும். டைப் 2 சுகர்ல தசை சர்க்கரையைச் சரியா எடுத்துக்காம போறது இங்கதான் ஆரம்பிக்குது.

முக்கியமா ஒண்ணு கவனிங்க, இந்தக் கதவு ரெண்டு பக்கமும் திறக்கும். வெளிய அதிகம் இருந்தா உள்ள விடும், உள்ள அதிகமாயிட்டா வெளியவும் விட்டுடும். வந்த குளுக்கோஸை செல் எப்படித் தக்க வச்சுக்குதுங்குறதுக்குப் பதில்தான் முதல் ஸ்டெப்.

ஸ்டெப் 1: உள்ள வந்ததைப் பூட்டுறது

என்சைம் பேரு ஹெக்ஸோகைனேஸ். ஹெக்ஸோஸ்னா ஆறு கார்பன் சர்க்கரை, கைனேஸ்னா ஏடிபில இருந்து பாஸ்பேட்டை எடுத்து இன்னொண்ணு மேல ஒட்டுற என்சைம். பேர்லயே வேலை இருக்கு பாருங்க. 6-வது கார்பன்ல இருக்குற ஓஹெச்ல ஒரு பாஸ்பேட்டை ஒட்டுது, கிடைக்கிறது குளுக்கோஸ் 6 பாஸ்பேட், செலவு 1 ஏடிபி. உங்க பேப்பர்ல 6-வது புள்ளி பக்கத்துல ஒரு ‘பா’ போட்டுக்கோங்க.

பாஸ்பேட்டுக்கு நெகட்டிவ் சார்ஜ். சார்ஜ் ஏறின சாமான் கொழுப்புச் சவ்வைத் தாண்டாது, குளுட் கதவுக்கும் அது இப்ப அடையாளம் தெரியாது. ஆக உள்ள வந்தது உள்ளயே மாட்டிக்கிச்சு. இன்னொரு லாபமும் இருக்கு, வந்த குளுக்கோஸ் உடனுக்குடனே வேற பொருளா மாறிடுறதால உள்ள சும்மா இருக்குற குளுக்கோஸ் எப்பவும் கம்மியாவே இருக்கும், வெளிய அதிகம் உள்ள கம்மிங்குற நிலை மாறாததால கதவு வழியா வந்துட்டே இருக்கும்.

இந்த என்சைம் வேலை செய்யுற விதத்தை நான் எப்ப சொல்லிக் குடுத்தாலும் கொஞ்சம் நின்னுதான் போவேன், அவ்ளோ அழகா இருக்கும். ஹெக்ஸோகைனேஸ் ரெண்டு மடலா, நடுவுல பிளவோட இருக்கு. குளுக்கோஸ் அந்தப் பிளவுக்குள்ள வந்து உக்காந்ததும் ரெண்டு மடலும் வாய் மூடுற மாதிரி ஒண்ணு சேர்ந்து மூடிக்கும். ஏன் மூடணும்? பாஸ்பேட்டை வாங்கிக்கிறதுக்கு ஓஹெச் தானே வேணும், தண்ணிக்கும் ஓஹெச் இருக்கு, செல் பூரா தண்ணிதான் இருக்கு. வாய் திறந்தே இருந்தா தண்ணி பூந்து பாஸ்பேட்டை வாங்கிட்டுப் போயிடும், ஏடிபி வீணாப் போயிடும். குளுக்கோஸ் வந்தாத்தான் மூடும், மூடும்போது தண்ணியை வெளிய தள்ளிட்டு மூடும். வர்ற பொருளுக்கு ஏத்த மாதிரி என்சைம் தன் வடிவத்தை மாத்திக்கும்னு 1958ல டேனியல் கோஷ்லாண்ட் சொன்னாரு, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. கூடவே மெக்னீசியம் வேணும், அது ஏடிபியோட நெகட்டிவ் சார்ஜைக் கொஞ்சம் மறைச்சுக் குடுத்தாத்தான் வேலை நடக்கும்.

கல்லீரல்லயும் கணையத்தோட பீட்டா செல்லுலயும் இதே வேலைக்கு குளுக்கோகைனேஸ்னு இன்னொரு வகை இருக்கு. சாதாரண ஹெக்ஸோகைனேஸ் 0.1 மில்லிமோலார் குளுக்கோஸ் இருந்தாலே பாதி வேகத்துக்கு வந்துடும், நம்ம ரத்தத்துல சாப்பிடாதப்பவே 5 மில்லிமோலார் கிட்ட இருக்கு, அதாவது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம். அதனால மூளைக்கும் சிவப்பணுவுக்கும் எப்பவும் முழு வேகம்தான். குளுக்கோகைனேஸுக்கு பாதி வேகம் வரவே 8, 10 மில்லிமோலார் வேணும், அதனால நீங்க சாப்பிட்டு சுகர் ஏறினாத்தான் கல்லீரல் மும்முரமா எடுத்துக்கும், மத்த நேரம் மத்தவங்களுக்கு விட்டுக் குடுக்கும். இன்னொரு வித்தியாசம், குளுக்கோஸ் 6 பாஸ்பேட் சேர்ந்துட்டே போனா அதுவே ஹெக்ஸோகைனேஸைப் பிடிச்சு நிறுத்திடும், குளுக்கோகைனேஸை அப்படி நிறுத்தாது. இதைப் பரீட்சைல அடிக்கடி கேக்குறாங்க.

ஸ்டெப் 2: ஆல்டிஹைடை இடம் மாத்துறது

நிறைய பேர் ‘இது சும்மா ஒரு ஐசோமர்’னு (அதே அணுக்கள், அமைப்பு மட்டும் வேற) தாண்டிப் போற ஸ்டெப் இது. என்சைம் பாஸ்போகுளுக்கோஸ் ஐசோமெரேஸ், குளுக்கோஸ் 6 பாஸ்பேட்டை ஃப்ரக்டோஸ் 6 பாஸ்பேட்டா மாத்துது. வளையம் திறக்கும், 2-வது கார்பன்ல இருந்து ஒரு புரோட்டான் கழண்டு 1-வது கார்பனுக்குப் போகும், திரும்ப வளையம் மூடும். இப்ப கார்பன் ஆக்ஸிஜன் இரட்டைப் பிணைப்பு 1-வது கார்பன்ல இல்ல, 2-வது கார்பன்ல இருக்கு. ஏடிபி செலவு எதுவும் இல்ல, ரெண்டு பக்கமும் சுலபமா போய்ட்டு வர்ற ரியாக்‌ஷன்.

எதுக்கு இந்த வேலை? பேப்பரைப் பாருங்க. செல்லுக்கு வேண்டியது ஆறு கார்பனைச் சரிபாதியா, மூணும் மூணுமா உடைக்கிறது. இந்த மாதிரி சர்க்கரைல பிணைப்பு உடையறது அந்த இரட்டைப் பிணைப்பு இருக்குற கார்பனுக்கு அடுத்த கார்பனைத் தாண்டி இருக்குற இடத்துலதான். இரட்டைப் பிணைப்பு 1-வதுல இருந்தா 2-க்கும் 3-க்கும் நடுவுல உடையும், ரெண்டு கார்பன் ஒரு பக்கம் நாலு கார்பன் ஒரு பக்கம்னு ஏறுக்குமாறா போயிடும். 2-வதுல இருந்தா 3-க்கும் 4-க்கும் நடுவுல, சரியா நடுவுல உடையும். அதோட 1-வது கார்பன்ல இப்ப சாதாரண ஓஹெச் வந்துடுச்சு, அடுத்த ஸ்டெப்புல பாஸ்பேட் ஒட்ட இடம் ரெடி. ரெண்டு ஸ்டெப் தள்ளி நடக்கப் போற வேலைக்கு இப்பவே இடம் பண்ணி வைக்குது.

இந்த ஸ்டெப்பை வச்சுத்தான் கேன்சர் பேஷன்ட்டுக்கு எடுக்குற பெட் ஸ்கேன் வேலை செய்யுதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. அதுல ஊசி போடுற மருந்து எஃப்டிஜி, அது குளுக்கோஸேதான், 2-வது கார்பன்ல ஓஹெச்சுக்குப் பதிலா கதிரியக்க ஃப்ளோரின் 18 வச்சிருப்பாங்க. கதவு வழியா உள்ள போகும், ஹெக்ஸோகைனேஸ் அதுக்கும் பாஸ்பேட் ஒட்டிப் பூட்டிடும், ஆனா ஸ்டெப் 2 நடக்கணும்னா 2-வது கார்பன்ல ஓஹெச் இருந்தாகணும், அது இல்லையே! முன்னாடியும் போக முடியாம வெளியவும் வர முடியாம செல்லுக்குள்ளயே தங்கிடும். அதிகமா சர்க்கரை இழுக்குற கட்டி செல்லுல அதிகமா சேரும், ஸ்கேன்ல ஒளிரும். ஸ்கேனுக்கு முன்னாடி 4ல இருந்து 6 மணி நேரம் சாப்பிடாம வரச் சொல்றதுக்கும் இதுதான் காரணம், சாப்பிட்டு வந்தா ரத்தத்துல இருக்குற நிஜ குளுக்கோஸ் போட்டிக்கு வரும், இன்சுலினும் ஏறி மருந்தைத் தசைப் பக்கம் இழுத்துட்டுப் போயிடும்.

ஸ்டெப் 3: இனிமே திரும்ப முடியாது

ஃப்ரக்டோஸ் 6 பாஸ்பேட்டோட 1-வது கார்பன்ல இன்னொரு பாஸ்பேட், இன்னொரு ஏடிபி செலவு. கிடைக்கிறது ஃப்ரக்டோஸ் 1,6 பிஸ்பாஸ்பேட். பேப்பர்ல 1-வது புள்ளிக்கும் ஒரு ‘பா’ போடுங்க, இப்ப ரெண்டு முனைலயும் பாஸ்பேட். நடுவுல உடைஞ்சா ரெண்டு துண்டுலயும் ஒவ்வொரு பாஸ்பேட் இருக்கும், ரெண்டுமே செல்லை விட்டு ஓடாது. முதல் ஸ்டெப்புல போட்ட அதே பூட்டு, இப்ப ரெண்டாவது துண்டுக்கும் முன்கூட்டியே போட்டாச்சு.

சர்க்கரையோட பாஸ்பேட் ஒட்டுதுன்னு உலகத்துக்கு முதல்ல தெரிஞ்சதே இந்தப் பொருளாலதான். 1897ல ஜெர்மனில எட்வர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோட சேர்த்து அரைச்சுப் பிழிஞ்ச சாறுல, உயிருள்ள செல் ஒண்ணுகூட இல்லாமலே சர்க்கரை புளிக்கிறதைப் பார்த்தாரு. அடுத்து லண்டன்ல ஆர்தர் ஹார்டனும் வில்லியம் யங்கும், அந்தச் சாறுல புளிப்பு மந்தமாகும்போது பாஸ்பேட் சேர்த்தா திரும்ப வேகம் எடுக்குறதையும், சேர்த்த பாஸ்பேட் காணாமப் போறதையும் கவனிச்சாங்க. எங்க போச்சுன்னு தேடினப்ப சர்க்கரையோட ஒட்டிட்டு இருந்துச்சு, அதுதான் இந்த ஃப்ரக்டோஸ் 1,6 பிஸ்பாஸ்பேட். ரொம்ப நாள் ஹார்டன் யங் எஸ்டர்னே இதைச் சொல்லிட்டு இருந்தாங்க, ஹார்டனுக்கு 1929ல நோபல் கிடைச்சுது.

என்சைம் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் 1, சுருக்கமா பிஎஃப்கே. மொத்த பாதையோட ரெகுலேட்டரே இதுதான். ஏன் முதல் ஸ்டெப்பு இல்ல? ஏன்னா குளுக்கோஸ் 6 பாஸ்பேட் ஒரு ஜங்ஷன், அங்க இருந்து கிளைகோஜன் (செல் சேமிச்சு வைக்கிற சர்க்கரை) ஆகலாம், பென்டோஸ் பாஸ்பேட் பாதைக்குப் போகலாம், இல்ல கிளைகாலிசிஸுக்கு வரலாம். தசைல கிளைகோஜன் உடைஞ்சு வர்றது ஹெக்ஸோகைனேஸைத் தொடாமலே நேரா அந்த ஜங்ஷனுக்கு வந்து சேரும். பிஎஃப்கே தாண்டிட்டாத்தான் இது கிளைகாலிசிஸுக்குன்னு முடிவாகும், அதனால கேட் அங்க போட்டிருக்கு.

இங்கதான் பசங்க எல்லாரும் குழம்புவாங்க: ஏடிபி இந்த என்சைமுக்குத் தேவையான பொருள், ஆனா ஏடிபி அதிகமானா என்சைம் நின்னுடும்னு புத்தகத்துல போட்டிருக்கே, ரெண்டும் எப்படி? என்சைம்ல ஏடிபி உக்கார ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு வேலை நடக்குற இடம், அங்க கொஞ்சம் ஏடிபி இருந்தாலே போதும். இன்னொண்ணு தள்ளி இருக்குற கட்டுப்பாட்டு இடம், ஏடிபி நிறைய இருந்தாத்தான் அங்க போய் ஒட்டும், ஒட்டினா வேகம் குறையும். செல்லுல எனர்ஜி போதுமான அளவு இருக்குன்னு அர்த்தம்.

எனர்ஜி குறைஞ்சா தகவல் சொல்றது ஏஎம்பி (AMP), அதாவது ஒரே ஒரு பாஸ்பேட் மட்டும் மிஞ்சினது. ஏன் நேரா ஏடிபியோட குறைவையே பார்க்கக் கூடாதுன்னா, ஒரு சின்னக் கணக்கு பாருங்க. தசை செல்லுல ஏடிபி 5 மில்லிமோலார், ஏஎம்பி 0.1 கிட்டன்னு வச்சுக்கோங்க. ஏடிபி 10 சதவீதம் குறைஞ்சு 4.5 ஆச்சு, பெரிய மாற்றமே இல்ல. ஆனா அதே நேரத்துல ரெண்டு ADP (ஏடிபில ஒரு பாஸ்பேட் போய் ரெண்டு மட்டும் மிஞ்சினது) சேர்ந்து ஒரு ATPயும் ஒரு ஏஎம்பியும் ஆகுறதால ஏஎம்பி 0.1ல இருந்து 0.6 வரைக்கும் போயிடும், ஆறு மடங்கு! சின்னக் குறைவு பெரிய சத்தமா கேக்குது, பிஎஃப்கே வேகம் எடுக்குது. சிட்ரேட் சேர்ந்தா குறையும், அமிலத்தன்மை ஏறினாலும் குறையும், இதைக் கடைசில திரும்ப எடுப்போம், ஞாபகம் வச்சுக்கோங்க. கல்லீரல்ல இன்சுலின் சொல்றதை பிஎஃப்கேக்குக் கொண்டு வந்து சேர்க்கிறது ஃப்ரக்டோஸ் 2,6 பிஸ்பாஸ்பேட்னு ஒரு தூண்டுபொருள், 1980லதான் கண்டுபிடிச்சாங்க. 1,6ஐயும் 2,6ஐயும் மாத்தி எழுதி மார்க் விடாதீங்க, 1,6 பாதைல வர்ற பொருள், 2,6 வெறும் சிக்னல்.

தசைல பிஎஃப்கே பிறவிலயே இல்லாம போனா டருய் நோய், ஜப்பான்ல 1965ல விவரிச்சது. வேகமா வேலை செஞ்சாலே தசை பிடிச்சுக்கும், ஏன்னா கிளைகோஜன் நிறைய இருந்தும் அது இந்த கேட்டைத் தாண்ட முடியல.

ஸ்டெப் 4: இப்பதான் உடையுது

என்சைம் ஆல்டோலேஸ். வளையம் திறந்து நேரா நிக்குற ஃப்ரக்டோஸ் 1,6 பிஸ்பாஸ்பேட்டை 3-க்கும் 4-க்கும் நடுவுல வெட்டுது. பேப்பர்ல அங்க ஒரு கோடு போடுங்க. மேல இருக்குற 1, 2, 3 சேர்ந்து டைஹைட்ராக்ஸி அசிட்டோன் பாஸ்பேட், சுருக்கமா டிஹெச்ஏபி. கீழ இருக்குற 4, 5, 6 சேர்ந்து கிளிசரால்டிஹைடு 3 பாஸ்பேட், ஜி3பி. நம்ம உடம்புல இந்த என்சைம் தன்னோட லைசினை (ஒரு அமினோ அமிலம்) 2-வது கார்பனோட தற்காலிகமா ஒட்டிக்கிட்டு எலக்ட்ரானை இழுத்து வெட்டும், ஈஸ்ட்ல அந்த வேலையை ஜிங்க் பண்ணுது.

புத்தகத்துல இதோட எனர்ஜி மதிப்பு பிளஸ் 23.8 கிலோஜூல்னு பார்த்துட்டு, பிளஸ்னா தானா நடக்காதே, எப்படி நடக்குதுன்னு கேப்பாங்க. அது எல்லாப் பொருளும் 1 மோலார் செறிவுல இருக்கும்போது உள்ள கணக்கு. செல்லுக்குள்ள இதெல்லாம் ரொம்ப ரொம்பக் கம்மி, அதோட இங்க ஒண்ணு உடைஞ்சு ரெண்டாகுது, செறிவு குறையக் குறைய உடையறது சுலபமாகும். ஜி3பியை அடுத்த ஸ்டெப் உடனே இழுத்துட்டுப் போறதால சேராது. அதனால சிவப்பணுக்குள்ள நிஜமா அளந்தா கிட்டத்தட்ட பூஜ்யத்துல நிக்குது.

ஸ்டெப் 5: ரெண்டையும் ஒண்ணாக்குறது

அடுத்த பாதிக்குப் போற வழி ஜி3பிக்கு மட்டும்தான் உண்டு. டிஹெச்ஏபியை அப்படியே விட்டா பாதி குளுக்கோஸ் வீண். ட்ரையோஸ் பாஸ்பேட் ஐசோமெரேஸ் அதை ஜி3பியா மாத்துது, ஸ்டெப் 2ல பார்த்த அதே மாதிரி புரோட்டான் இடமாற்றம்தான். சமநிலைல விட்டா 96 சதவீதம் டிஹெச்ஏபியாவும் 4 சதவீதம் மட்டும் ஜி3பியாவும் இருக்கும், ஆனா அந்த 4ஐ ஸ்டெப் 6 எடுத்துட்டே இருக்குறதால மீதி நகர்ந்து வந்துட்டே இருக்கும். இந்த என்சைம் எவ்ளோ வேகம்னா, டிஹெச்ஏபி மிதந்து வந்து இதுல மோதுறதுக்கு ஆகுற நேரம்தான் தாமதம், மோதிட்டா மாறிடும், அதுக்கு மேல வேகம் கூட்டவே முடியாது. நடுவுல உருவாகுற பொருள் தப்பிச்சுப் போனா மெத்தில் கிளையாக்சால்னு ஒரு விஷமாயிடும், அதனால வேலை முடியுற வரைக்கும் ஒரு மூடி மாதிரி வளைவு மேல வந்து மூடிக்குது.

பேப்பர்ல கணக்கைப் பாருங்க. செலவு 2 ஏடிபி. வரவு இதுவரைக்கும் பூஜ்யம், எலக்ட்ரானைத் தூக்கிட்டுப் போற என்ஏடிஹெச்சும் வரல, ஒரு கார்பன்கூட வெளிய போகல. கைல இருக்குறது 2 ஜி3பி. கடைசி அஞ்சு ஸ்டெப்பும் முடியும்போது ஒவ்வொரு ஜி3பியும் 2 ஏடிபி தரும், ஆக 4, போட்ட 2 போக நிகரமா 2.

அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி

ஃப்ளோரைடு தடுக்கிறது ஈனோலேஸை, அது 9-வது ஸ்டெப். நாம பார்த்த அஞ்சும் அதுக்கு மேல இருக்கு. கீழ அடைச்சுட்டாலும் ஹெக்ஸோகைனேஸுக்கு நேரடியா எந்தத் தடையும் இல்ல, ஏடிபி இருக்குற வரைக்கும் குளுக்கோஸை எடுத்துப் பூட்டிட்டேதான் இருக்கும். ஆனா 10-வது ஸ்டெப்புல வர வேண்டிய 2 ஏடிபி இப்ப வராது, 7-வதுல வர்ற 2 மட்டும்தான், அது போட்ட 2-க்கே சரியாப் போச்சு. செல்லோட மத்த செலவுக்கு எதுவும் மிஞ்சாததால ஏடிபி இருப்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும், அதுக்கு அப்புறம்தான் ஸ்டெப் 1 மந்தமாகும். அதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆயிடும், அந்த நேரத்துல குறைஞ்ச சுகர் குறைஞ்சதுதான். வெள்ளணு ரொம்ப அதிகமா இருக்குற லுக்கீமியா பேஷன்ட் ரத்தத்துல இது இன்னும் வேகமா நடக்கும்.

சிட்ரேட் பஃபர் இருக்குற ட்யூப் வேற மாதிரி. அது ரத்தத்தை உடனே அமிலமாக்கிடும், அமிலம் ஏறினா பிஎஃப்கே குறையும்னு பார்த்தோம்ல, ஹெக்ஸோகைனேஸும் நின்னுடும், மேல் பக்கமே அடைச்ச மாதிரி. அந்த ட்யூப் கிடைக்காத இடத்துல, ரத்தம் எடுத்த கையோட ட்யூபை ஐஸ் தண்ணில வச்சு அரை மணி நேரத்துக்குள்ள சுத்தி பிளாஸ்மாவைத் தனியாப் பிரிச்சுடுங்க. செல்லே இல்லாத பிளாஸ்மால ஹெக்ஸோகைனேஸ் வேலை செய்ய ஆள் இல்ல. எங்க லேப்ல இப்ப சாம்பிள் உள்ள வரும்போது ரத்தம் எடுத்த நேரத்தை ட்யூப் மேலயே எழுதியிருக்காங்களான்னு அந்தப் பொண்ணுதான் முதல்ல பார்க்குறா, எழுதாம வந்தா போன் பண்ணி கேட்டுட்டுத்தான் மெஷின்ல வைக்கிறா.